மருந்து வாங்கப் போன போத்தல்கள்

நான் வைன் குடித்திருக்கிறேன். விரும்பிக் குடித்திருக்கிறேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதை எழுதுவது இலேசான காரியமில்லை. வாயால் இதுவரை யாரிடமும் சொன்னதும் இல்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆட்களுக்கு முன்னால் பேச்சு வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை போனதால் எழுத்து வரும். அதனால் எழுதுகிறேன்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து, எங்கள் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்ற சட்டமும் வந்து முடிந்திருந்த காலம். எனக்கு முப்பது வயதிருக்கும். புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். மழையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பில் அடிபட்டு, என்னால் கொழுந்துக் கூடை சுமக்க முடியாமல் போனது. அப்போது தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் துணி துவைத்து மடிக்கும் வேலையை வாங்கிக் கொடுத்தவர் அப்பு.

பங்களாவின் சமையலையும் சாப்பாட்டு மேசையையும் பார்த்துக்கொள்பவரை அப்பு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இவர் ஐம்பது வயதுக்காரர், ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பன். கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டு குடியை அடியோடு விட்டவர். வைன் பெட்டிகள் அடுக்கியிருந்த சாமான் அறையின் சாவி எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும். தொலைந்துவிட்டதாகத் துரை நினைத்திருந்த இன்னொரு சாவி, அவர் மனைவி துரைசாணியின் தையல் பெட்டிக்குள் நூலுக்கு அடியில் கிடந்தது.

துரை பகல் சாப்பாடு முடிந்து மலைக்குப் போனால் திரும்ப ஐந்து மணியாகும். மூன்று மணிக்குத் துரைசாணி என்னைத் தையல் அறைக்குக் கூப்பிடுவார். முதல் நாள், கிழிந்த தலையணை உறை ஏதோ தைக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போனேன். மேசையில் ஒரு பச்சைப் போத்தலும் இரண்டு கிளாசும் இருந்தன.

"நீ குடி. தனியா குடிக்கிறது நல்லா இல்லே" என்றார். துரைமார் தமிழ் அப்படித்தான் இருக்கும்.

பயத்தில் வாங்கி வாயில் வைத்தேன். நாவற்பழம் தின்ற மாதிரி நாக்கை இழுத்துப் பிடித்தது. இதையா காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று நினைத்தபடி விழுங்கினேன். விழுங்கிய பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. முதலில் வெயில் காய்ந்த மண்ணில் மழை விழுந்த வாசம். அதற்குப் பின்னால் புதுத் தேயிலைப் பெட்டியின் பலகை. எல்லாம் அடங்கிய பிறகு, தொண்டைக்குக் கீழே எங்கோ, கொஞ்சம் கித்துள் கருப்பட்டி.

"என்னா ருசி? சொல்லு."

தரையைப் பார்த்துக்கொண்டு, "நாவப்பழங்க" என்றேன். பிறகு மண்ணைச் சொன்னேன். பலகையைச் சொன்னேன். துரைசாணி கிளாசைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அந்த வீட்டில் அவரோடு உட்கார்ந்து பேச வேறு யாரும் கிடையாது என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. வெள்ளை வைன் ஒன்று கழுவிய கருங்கல்லை நக்கியது போல் இருக்கும். கடைசியில் பேரிக்காய்த் தோல் கடிபடும். இன்னொன்றை முகர்ந்தால், கொழுந்து வாட்டும் மாடியில் விடிகாலையில் ஏறி நின்றது போல் தலைக்குள் பச்சை வாசம் நிறையும். ஒரு நாள் ஒரு சிவப்புப் போத்தலை முகர்ந்துவிட்டு, "இது நனஞ்ச சாக்குங்க, வேணாங்க" என்றேன். துரைசாணி முகர்ந்து பார்த்தார். தக்கை கெட்டுப்போயிருந்ததாம். கைதட்டிச் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. லயத்தில் ஆண்கள் சாராயத்தைக் கண்ணை மூடி ஒரே மடக்கில் ஊற்றிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு வாயை இவ்வளவு நேரம் வைத்திருந்து பார்க்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. காலையில் துணி அலசும்போதே இன்றைக்குச் சிவப்பா வெள்ளையா என்று மனசு கேட்கத் தொடங்கிவிடும். என் ஆயுளில் நான் அதிகம் பேசியது அந்த அறையில்தான். கிளாசைப் பார்த்துப் பேசினால் எனக்குப் பேச்சு வந்தது.

வெறும் போத்தல்களைப் பங்களாவுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் எறியச் சொல்லியிருந்தார் துரைசாணி. எனக்கு மனசு வரவில்லை. லயத்தில் ஒரு நல்ல போத்தலுக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? மண்ணெண்ணெய்க்கு வேண்டும், தேங்காய் எண்ணெய்க்கு வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்துத் தண்ணீர் வாங்கப் போனாலும் நாம்தான் போத்தல் கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் மருந்து கிடையாது. கழுவி, துணி மூட்டைக்குள் சுற்றிக் கொண்டுபோய், கேட்ட பெண்களுக்கெல்லாம் கொடுத்தேன். அப்புவின் மனைவிக்கும் ஒன்று கொடுத்தேன்.

அந்த வருஷம் அடைமழையோடு இருமல் காய்ச்சல் வந்தது. லயம் லயமாகப் படுத்தார்கள். ஒரு காலை நானும் இருமிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்களில் முக்கால்வாசிப் பேர் கையிலும் பச்சைப் போத்தல்.

"தொரசாணி வூட்டுப் போத்தல்ல மருந்து குடிச்சா இருமலும் இங்கிலீசுலதான் வரும்டி" என்றாள் ஒருத்தி.

"வரட்டும். அப்பவாவது டாக்டரய்யாவுக்கு வெளங்குதான்னு பாப்போம்" என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது துரை வந்துவிட்டார். காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு ஆள் குறைந்ததால், யார் பொய் நோய்க்காரர்கள் என்று பார்க்க வந்திருந்தார். பெண்கள் கையில் வரிசையாக இருந்த போத்தல்களைக் கண்டதும் நின்றார். ஒன்றை வாங்கி, அடியில் உள்ளே குழிந்திருந்த இடத்தை விரலால் தடவினார். பாதி உரிந்த தாளைப் படித்தார்.

"எங்கே கெடைச்சது?"

நான் என் கையிலிருந்ததை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

 சிரிப்பைத் தொடங்கிய அந்தப் பெண் என் பக்கம் திரும்பாமலே, "பங்களாவுலருந்து வந்ததுங்க தொரை" என்றாள். யார் கொடுத்தது என்று அவர் மறுபடி மறுபடி கேட்டும் ஒருத்திகூட என்னைக் காட்டவில்லை. என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

துரை நேரே பங்களாவுக்குப் போய்ச் சாமான் அறையைத் திறக்கச் சொன்னார். மேல் பெட்டிகள் நிறைந்திருந்தன. அடிப் பெட்டிகளில் வைக்கோல்தான் இருந்தது. சாவி அப்புவின் இடுப்பில் இருந்தது. லயத்தில் அப்புவின் குடும்பம் இருந்த ஒற்றை அறைக் காம்பராவைப் பார்த்து வர, தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையாவை அனுப்பினார். அவர் ஒரு பச்சைப் போத்தலோடு திரும்பினார். அதில் பாதிக்குத் தேங்காய் எண்ணெய் இருந்தது. நான் கொடுத்த போத்தல்.

"நான் குடிக்கிறதில்லீங்க தொரை. சாமிக்கு நேந்திருக்கேங்க" என்றார் அப்பு.

துரைசாணி கதவருகில் நின்றிருந்தார்.  நான் மடித்த மேசைத் துணிகளோடு அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அன்று பின்னேரம் துணி காயப்போடும் இடத்துக்கு அப்பு வந்தார்.

"தங்கச்சி, ஒன் வாயில அந்த வாட வர ஆரம்பிச்சு நாளாச்சு. தொரசாணி காரியம், நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன்."

எனக்குக் காது சுட்டது.

"தொரசாணி வாயத் தொறக்காது. நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும். திருட்டுன்னு எழுதி, வேலைய விட்டு அனுப்புற பத்துச்சீட்டக் குடுத்துட்டா எந்தத் தோட்டத்துல என்னைய எடுப்பாங்க? காம்பராவையும் வுடணும். அஞ்சு புள்ளைங்கள இழுத்துக்கிட்டு எங்க போவேன், சொல்லு."

"சொல்லிர்றேன் அப்பு."

"நெசமாவா?"

"நாளைக்குக் காலையில சொல்லிர்றேங்க."

அவர் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். நான் பொய் சொல்லவில்லை. சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். சொன்னால் எனக்கும் பத்துச்சீட்டுத்தான் என்பது தெரியும். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை, ஒற்றை வயிறு எங்காவது பிழைத்துக்கொள்ளும் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன். "தொரைங்க, அப்பு எடுக்கலீங்க. தொரசாணியும் நானுந்தாங்க." அவ்வளவுதான்.

காலையில் பெரட்டு முடிந்து துரை வராந்தாவில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். படிக்குக் கீழே போய் நின்றேன். குசினி ஜன்னலில் அப்புவின் முகம் தெரிந்தது.

"என்னா?" என்றார் துரை.

அவர் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தேன்.

"என்னா? சொல்லு."

அதே சொல். தையல் அறையில் தினமும் கேட்ட அதே சொல்.

"மேசைத் துணி காயலீங்க தொரை" என்றேன். "மழைங்க."

துரை தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். நான் ஜன்னல் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

சனிக்கிழமை அப்புவின் குடும்பம் புறப்பட்டது. இரண்டு தகரப் பெட்டி, ஒரு அம்மி, சுருட்டிய பாய்கள். ஹட்டன் பஸ்ஸில் ஏற்றிவிட லயத்தார் போயிருந்தார்கள். இந்தியாவுக்கே போய்விட எழுதிக் கொடுக்கப் போவதாக அப்பு சொன்னாராம். அவர் அப்பாவின் ஊர் திருச்சிப் பக்கம் எங்கோ. அந்த ஊரை அப்பு ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அப்புவின் மனைவி என் காம்பராவைக் கடக்கும்போது, "போய்ட்டு வாறேன் புள்ள, ஒடம்பப் பாத்துக்க" என்றாள். அப்பு என்னைப் பற்றி அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மூன்று மணிக்குத் துரைசாணி என்னைக் கூப்பிட்டார். துரை சாமான் அறைக்குப் புதுப் பூட்டுப் போட்டிருந்தார். அதற்கு முன்பே எடுத்து ஒளித்து வைத்திருந்த போத்தலாக இருக்க வேண்டும். துணி அலமாரிக்குள்ளிருந்து எடுத்தார். ஊற்றும்போது மேசையில் சிந்தியது. அப்புவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கசக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வாயில் வைத்தேன். கசக்கவில்லை. அது வரை குடித்த எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. பழுத்து வெடித்த பிளம்ஸ், அடுப்பு அணைந்த பிறகு சாம்பலில் மிஞ்சும் சூடு, ஏலக்காய்த் தோல், இன்னும் எவ்வளவோ. ஒன்று போய் ஒன்று வந்துகொண்டே இருந்தது.

"என்னா ருசி? சொல்லு."

சொன்னேன். ஒரு சொல்கூடத் தடுக்காமல், முதலிலிருந்து கடைசி வரை கோர்வையாகச் சொன்னேன். துரைசாணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு வெறும் போத்தலைக் கொண்டுபோய், முதல் நாளே அவர் சொன்னபடி, ஓடையில் எறிந்தேன்.