பழவேற்காடு வரை போகாத வண்டி

பிலோமினாவின் தம்பி அந்தோணியின் அழைப்பு வந்தபோது நான் காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். ஏலக் கூச்சலில் அவன் சொன்னது கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். "அக்கா போய்ட்டா" என்று அவன் கத்த வேண்டியிருந்தது. ஒரு தம்பி கத்திச் சொல்லக்கூடிய செய்தியா அது? பக்கத்தில் நின்ற மீன்காரம்மா என் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தார்.

பிலோமினாவும் நானும் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு ஆபீஸில் எதிரெதிர் மேஜை. ஒரே வயது. நாற்பதைத் தாண்டியபின் அவள் பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினாள். இதைப் படிக்கும் யார்டுக்காரர்கள் பலருக்கு அவளை அந்த வண்டியோடு சேர்த்துத்தான் நினைக்க வரும். என்னிடம் இருந்தது சின்ன வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வீட்டில் விட்டுவிட்டு அவள் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். பழவேற்காடு வரை ஒருநாள் போக வேண்டும் என்பது எங்கள் பேச்சு. எண்ணூர் முகத்துவாரத்தில் டீ குடித்துவிட்டு, வெயில் ஏறிவிட்டது என்று திரும்பிவிடுவோம்.

ஆயுத பூஜைக்கு நம் யார்டில் வண்டிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அன்று ஒருநாள் மட்டும் விலை கூடிய உசத்திப் பெட்ரோல் ஊற்றுவது வழக்கமாகியிருந்தது. வண்டிக்கு விருந்து என்று அதற்குப் பெயர். கதிரவன் அண்ணன் தன் பழைய வண்டிக்கு ஊற்றிவிட்டு, குதிரை மாதிரி பறக்கிறது என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். பிலோ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உன் வண்டிக்குப் பண்டிகையும் தெரியாது, பெட்ரோலும் தெரியாது நைனா. வண்டி புக்குல இன்னா போட்டுக்கீதோ அத்த ஊத்து."

"நீ மட்டும் எப்பவும் உசத்தியே ஊத்துற?"

"என் வண்டிக்கு அது விருந்து இல்ல, சோறு."

அன்று சாப்பாட்டு நேரம் முழுவதும் அதே பேச்சு. அவள் வண்டியின் இன்ஜின் பெட்ரோல் கலவையை இறுக்கமாக அழுத்தும். ஆக்டேன் எண் குறைந்த சாதா பெட்ரோல் அந்த அழுத்தம் தாங்காமல், தானாகவே பற்றிக்கொண்டு இன்ஜினைத் தட்டும். கதிரவன் அண்ணன் வண்டியில் அவ்வளவு அழுத்தமே இல்லை. உசத்திப் பெட்ரோலால் அதற்கு ஒரு லாபமும் இல்லை. அப்படியானால் இரண்டும் கலந்துவிட்ட தன் வண்டி கெட்டுவிடுமா என்று அண்ணன் பயந்துபோனார். கலந்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லி அவள் தன் டிபன் பாக்ஸிலிருந்த இறால் தொக்கை அவர் தட்டில் வைத்தாள். அண்ணன் அடுத்த வருடமும் உசத்திதான் ஊற்றினார். அவருக்குக் குதிரைதான் முக்கியம்.

அவளுக்கு நோய் வந்து சிகிச்சை தொடங்கியபின் வண்டி ராயபுரத்தில் அவள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நின்றது. அந்தோணி வாரம் ஒருமுறை இன்ஜினை ஓடவிட்டான். நிற்கிற வண்டிக்கு எதற்கு உசத்தி என்று கேனில் வாங்கி வந்த சாதா பெட்ரோலை டேங்கில் நிரப்பியிருந்தான். அவளிடம் சொல்லத் தோன்றவில்லை அவனுக்கு.

மாசி மாதம் ஒரு காலையில் அவளே போன் செய்தாள். பழவேற்காட்டுக்குப் போகலாம், கிளம்பு என்றாள். ஹெல்மெட் அவள் தலையில் ஆடியது. நான் ஓட்டட்டுமா என்று கேட்டதற்கு முறைத்தாள். எண்ணூர் போகும் வழியில், ரயில் பாதைக்கு மேலே ஏறும் பாலத்தில், இன்ஜினுக்குள்ளிருந்து அந்தத் தட்டல் சத்தம் வந்தது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல. அவள் கியரைக் குறைத்துப் பார்த்தாள். பிறகு ஓரமாக நிறுத்தினாள்.

"அந்தோணி வேல. நீ எறங்கி நடந்து வா, ரெண்டு பேர இது இழுக்காது. மேல நிக்கிறேன்."

டிரெய்லர் லாரிகள் உரசிக்கொண்டு போக, பாலத்தின் விளிம்போரம் நடந்தேன். உச்சியில் வண்டியை அணைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வடக்கே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது எனக்கு அல்ல, அவளுக்கு. அடுத்த பெட்ரோல் பங்கில் உசத்தியை ஊற்றிக் கலந்துகொள்ளலாம், நீதானே சொன்னாய், மீஞ்சூர் தாண்டினால் போதும் என்று அவசரமாகச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"வண்டிக்கு சரியாய்டும்டி. எனக்கு இன்னா ஊத்துவ?"

 சாவியை என் கையில் கொடுத்தாள். அந்த வண்டியை அவள் வேறு யாருக்கும் ஓட்டக் கொடுத்ததில்லை.

பாலத்திலிருந்து இறங்கி, அடியிலேயே திரும்பிக் கடலோரச் சாலைக்கு வந்தேன். மேடு இல்லாததால் இன்ஜின் தட்டவில்லை. திருவொற்றியூர் தாண்டும்போது அவள் ஹெல்மெட் என் முதுகில் வந்து முட்டியது. தூங்கிவிட்டாளோ என்று கூப்பிட்டேன். "மெதுவா போ" என்றாள். போனேன். பின்னால் வந்த அத்தனை லாரிகளும் ஹார்ன் அடித்து முந்திக்கொண்டு போயின.

வண்டி அந்தோணியிடம் இருக்கிறது. அவன்தான் ஓட்ட வேண்டும். என்னிடம் இருப்பது முதுகில் அவள் சாய்ந்திருந்த கனம். கனம் என்கிறேன், அதில் கனமே இல்லை. ராயபுரம் வந்துவிடக் கூடாது என்று அத்தனை மெதுவாக ஓட்டினேன். வந்துவிட்டது.