கழுவி வைத்த கூட்ஸ் பெட்டி

ரயில் பொம்மை செய்கிறேன் என்று சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். அதிலும் கூட்ஸ் பெட்டி மட்டும்தான் செய்கிறேன் என்று சொன்னால் சிரிப்பை நிறுத்திவிட்டு, வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்களா என்று விசாரிக்கிறார்கள்.

கேள்விகள் எப்போதும் ஒன்றுதான். "ஓடுமா?" ஓடாது. "இஞ்சின் எங்க?" கிடையாது. "அப்புறம் எதுக்கு?" இதற்குப் பதில் தெரிந்திருந்தால் நானும் மற்றவர்களைப் போல மனை வாங்கி விற்றுக்கொண்டிருப்பேன்.

நாங்கள் இருப்பது முதுநகரில், ஜங்ஷனுக்குக் கூப்பிடு தூரத்தில். மீட்டர் கேஜ் பாதை இருந்த காலத்தில் அங்கே வரிசையாக நின்ற நாலு சக்கர மூடு பெட்டிகள்தான் என் சரக்கு. உர மூட்டையும் நெல் மூட்டையும் ஏற்றி வந்து, வெயிலிலும் உப்புக்காற்றிலும் நின்று நின்று பழுத்த பெட்டிகள். பழைய போட்டோக்களைப் பார்த்து அளவைக் கணக்குப் போட்டு, முப்பத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, சாண் நீளத்தில் செய்கிறேன். சுவருக்குப் பிளாஸ்டிக் அட்டை. கொக்கிக்கு சேஃப்டி பின். பிரேக் குழாய்க்கு ஊசி போடுகிற ஊசி. மாதா மாதம் ஊசி வாங்குவதைப் பார்த்த மெடிக்கல் கடைக்காரர் எனக்குச் சர்க்கரை என்று முடிவு செய்துவிட்டார். இனிப்பைக் குறைங்க சார் என்று அன்பாகச் சொல்லி வருகிறார். நானும் திருத்தவில்லை. அந்த விளக்கத்துக்குச் சர்க்கரை வியாதியே மேல்.

பெட்டியைச் செய்வது பாதி வேலை. அதை அழுக்காக்குவதுதான் மீதி. புதுசாக இருக்கும்வரை அது வெறும் பொம்மை. துரு ஏறினால்தான் உயிர் வரும். முதுநகரில் துருவுக்குப் பஞ்சமா? எங்கள் வீட்டு இரும்பு கேட் வருஷத்துக்கு ஒரு சுற்று இளைக்கிறது. சுரண்டிப் பெயிண்ட் அடிங்க என்று மனைவி சொல்லும்போதெல்லாம் நான் உடனே எழுந்து போய்ச் சுரண்டுவேன். சுரண்டிய தூளை ஒரு டப்பாவில் பிடித்து வைத்துக்கொள்வேன். பெயிண்ட் மட்டும் அடிக்க மாட்டேன். அடித்துவிட்டால் அடுத்த பெட்டிக்குத் துருவுக்கு எங்கே போவது?

கடைசியாகச் செய்த பெட்டிதான் நான் செய்ததிலேயே நல்ல பெட்டி. கதவின் கீழ் விளிம்பில் துரு வழிந்த கோடு, கூரையில் புகைக்கரி, தாழ்ப்பாளைச் சுற்றி கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம். முடித்த அன்று எனக்கு ஓர் ஆசை வந்தது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். யாராவது ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், குனிந்து இதை உற்றுப் பார்க்க வேண்டும். பாராட்டக்கூட வேண்டாம், பார்த்தால் போதும். இத்தனை வருஷத்தில் அது நடக்கவே இல்லை. எல்லோரும் எட்ட நின்று ஓடுமா என்று கேட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள்.

என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, சிதம்பரத்தில் ஒரு சங்கத்துக்குச் செயலாளர். அந்தச் சங்கம் எதற்காக இருக்கிறது என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. ஆனால் அடிக்கடி யாருக்காவது சால்வை போர்த்துவார்கள். இந்தத் தடவை கைவேலைக் கண்காட்சி. "மாமா, ஒங்க ரயில கொண்டாந்துடுங்க. நோட்டீஸ்ல பேர் போட்டாச்சி" என்று போனில் சொன்னான். கல்யாண மண்டபம், ஜனங்கள், நடுவர்கள். உற்றுப் பார்ப்பதையே வேலையாகக் கொடுத்து உட்கார வைத்த நடுவர்கள்! எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கண்காட்சிக்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. அன்று எங்கள் வீட்டில் அரிவாள்மணையிலிருந்து மிக்ஸி வரை எல்லாவற்றுக்கும் குளியல் உண்டு. நான் கடைத்தெருவில் பூசணிக்காயும் பொரியும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். சாமி படத்துக்கு முன்னால் ஸ்கூட்டர் சாவி, கத்தரிக்கோல், ஸ்பேனர். நடுவில் என் பெட்டி. வெள்ளி நிறத்தில், பளபளவென்று. கதவில் சந்தனம், குங்குமம். கூரையில் ஒரு முழம் சாமந்தி.

"என்னா பண்ண நீ?" என்றேன்.

"கழுவினேன். எவ்ளோ அழுக்கு! சோப்பு போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால தேச்சேன். குண்டூசித் தல மாதிரி புள்ளி புள்ளியா இருக்குதே, அதுங்க நடுவுல எல்லாம் துரு. எடுக்கறதுக்குள்ள இடுப்பு போயிடிச்சி. அப்புறம் கேட்டுக்கு வாங்கின சில்வர் பெயிண்டு சும்மாதானே கெடக்குது."

அந்தப் புள்ளிகள் தகடுகளை இணைக்கும் ரிவெட்டுகள். பல்குத்தும் குச்சியின் முனையில் பசையைத் தொட்டு நான் ஒவ்வொன்றாக வைத்தவை.

"அது நானே பூசின துரு!" என்று கத்தினேன்.

"துருவ யாருங்க மெனக்கெட்டுப் பூசுவாங்க? நாலு பேர் வந்து பாக்கற எடம், எந்தம்பி ஊரு. துருப்புடிச்சத கொண்டு போயி வெச்சா ஒங்கள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வீட்ல பொம்பள என்னா பண்றான்னுதான் கேப்பாங்க."

இதற்கு எதிராக ஒரு வாதத்தை எங்கள் மாவட்டத்தில் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். ஐம்பதைத் தாண்டிய ஆள், ஒரு கூட்ஸ் பெட்டிக்காக, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நோட்டீஸில் பேர் போட்டாகிவிட்டதே, போகாமல் இருக்க முடியுமா? சில்வர் பெட்டியையும், பரண்மேல் இருந்ததால் குளியலிலிருந்து தப்பிய ஒரு பழைய பெட்டியையும் எடுத்துக்கொண்டு இருவரும் சிதம்பரம் போனோம். பஸ்ஸில் நான் அவளோடு பேசவில்லை.

மண்டபத்தில் எனக்கு இடது பக்கம் கேரட்டில் செதுக்கிய தேர். வலது பக்கம் சாக்பீஸில் செதுக்கிய தலைவர்கள்; எல்லோருக்கும் ஒரே முகம், மீசை மட்டும் வேறு வேறு. தலைமை நடுவர் ஒரு நகைக்கடை முதலாளி. மண்டப வாடகையை அவர்தான் கொடுத்தார் என்பதால் அவருடைய ரசனையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. என் துருப் பெட்டியைப் பார்த்தார். "கொண்டாறதுக்கு முன்னாடி ஒரு துணி போட்டுத் தொடச்சிருக்கலாமே சார்." பிறகு சில்வர் பெட்டியைப் பார்த்து முகம் மலர்ந்தார். "இது! இது எப்பிடி மின்னுது பாருங்க. ஓடுமா?" பதிலுக்குக் காத்திராமல் கேரட்டுக்குப் போய்விட்டார். அவருடைய இடுப்பு கொஞ்சமும் வளையவில்லை.

முதல் பரிசு கேரட் தேருக்கு. அதைக் கொடுப்பதற்குள்ளேயே அதன் சக்கரங்கள் வாடிச் சுருங்கியிருந்தன. இரண்டாவது பரிசு என் சில்வர் பெட்டிக்கு. ஒரு ஷீல்டு, ஒரு சால்வை. "எங்க மாமா செஞ்ச ரயில் இஞ்சின்" என்று மச்சான் மைக்கில் முழங்கினான். எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் என் மனைவிக்கு முகமெல்லாம் பெருமை. நியாயமாகப் பார்த்தால் பரிசு அவளுக்குத்தான். அது எனக்கு இன்னும் எரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஷீல்டு அவள் மடியில், சில்வர் பெட்டி என் மடியில். புதுச்சத்திரம் வந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கதவுக்கு எடது பக்கம், கீழ் வரிசையில ஒரு புள்ளி கொறையுது. அந்தாண்ட பக்கம் இருக்குது, இந்தாண்ட இல்ல. தேய்க்கறப்போ நாமதான் பேத்துட்டோமோன்னு பயந்து போயி, கழுவின தண்ணியெல்லாம் வடிகட்டித் தேடுனேன். கெடைக்கல. அப்புறம் வாசல்ல வெளிச்சத்துல வெச்சிப் பாத்தேன், பேந்த தடமே இல்ல. நீங்கதான் வெக்கல."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெட்டியைக் கண்ணருகே பிடித்தேன். கதவுக்கு இடது பக்கம், கீழ் வரிசை. இல்லைதான். மாதக்கணக்கில் அதன் முகத்திலேயே விழித்த எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"நீ எல்லாத்தையுமா பாத்த?" என்று கேட்டேன்.

"பாக்காம எப்பிடிங்க தேய்க்கிறது?" என்றாள்.