நெப்போலியனுக்கு இல்லாத சித்தி

நான் நெப்போலியன் ஆனது ஓர் ஐப்பசி மாதத்தில். கோவில்பட்டியில் நடந்த மாறுவேடப் போட்டிக்கு எங்கள் கிராமத்துப் பள்ளியிலிருந்து என்னை அனுப்புவதாக இருந்தார்கள். பெண்பிள்ளைக்கு ஜான்சி ராணிதான் பொருத்தம் என்று டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஏற்கெனவே பாதிப் பள்ளிக்கூடம் ஜான்சி ராணியாகத் திரிந்துகொண்டிருந்தது. நான் நெப்போலியனைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

சித்தப்பாவின் வெள்ளை வேட்டியைக் கிழித்து எனக்குக் கால்சட்டை தைத்தவள் சித்தி. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அட்டை வாங்கி வந்து, கறுப்பு அடித்துத் தொப்பி செய்தவளும் அவளே. கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. ஆகவே அவள் மடி முழுவதும் எனக்குத்தான் என்று நானே முடிவு செய்திருந்தேன், அவளும் மறுத்ததில்லை. நான் ஒப்பித்து ஒப்பித்து, வாட்டர்லூவில் மழை பெய்து பீரங்கிகள் சேற்றில் சிக்கிய கதை அவளுக்கும் மனப்பாடமாகிவிட்டது.

போட்டிக்கு முந்தின ராத்திரி எங்கள் ஊரிலும் மழை கொட்டித் தீர்த்தது. வானம் பார்த்த பூமியில் ஐப்பசி மழை என்றால் ஊருக்கே சந்தோஷம். அழுதது நெப்போலியன் மட்டும்தான். மழை பெய்தால் மினி பஸ் ஊருக்குள் வராது. மெயின் ரோட்டுக்குக் கரிசல் காட்டு வழியேதான் போக வேண்டும். அப்பா சைக்கிளை எடுத்துப் பார்த்தார். தெருமுனை தாண்டுவதற்குள் சக்கரத்தில் களிமண் அப்பி, மட்கார்டுக்குள் இறுகி, சைக்கிள் நின்றுவிட்டது. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பிய அப்பா, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் காட்டைப் பார்க்கக் கிளம்பிப் போனார்.

நான் அழுத அழுகை சித்திக்குத்தான் பொறுக்கவில்லை. அம்மா தொழுவத்துக்குப் போன நேரம் பார்த்துச் சேலையைத் தூக்கிச் செருகினாள். ஈரக் கரிசலில் செருப்பு காலில் நிற்காது என்பதால் அதை வீட்டிலேயே விட்டாள். என்னை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அடிக்கு அடி மண் அப்பி அவள் கால் பானை மாதிரிப் பெருத்தது. குச்சியால் வழித்துவிட்டு மறுபடி நடந்தாள். சட்டைக்குள் கையைச் செருகிக் கம்பீரமாக வரவேண்டிய நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வெரசா நட சித்தி என்று அதட்டிக்கொண்டே இருந்தேன். ஓரிடத்தில் அவள் வழுக்கினாள். முழங்காலும் ஒரு கையும் சேற்றில் ஊன்றின. என் ஷூ மட்டும் தரையில் படவில்லை. எழுந்து, அந்தக் கையாலேயே என்னை ஏந்திக்கொண்டு போய் ஓடைப் பாலத்துச் சுவரில் இறக்கிவிட்டு, வயிற்றில் கையை வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்தாள். எனக்குப் பரிசு கிடைக்க வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

“நெப்போலியனுக்கு ஒரு சித்தி இல்லாமப் போச்சுட்டி,” என்றாள் கண்ணைத் திறந்து. “அதான் தோத்துட்டாரு.”

முடியாது என்ற சொல்லே என் அகராதியில் இல்லை என்று மேடையில் முழங்கிவிட்டுத் திரும்பி நடந்தேன். கூட்டம் முழுவதும் சிரித்துக்கொண்டே கைதட்டியது. கால்சட்டையின் பின்புறம் சித்தியின் ஐந்து விரலும் கரிசலில் பதிந்திருந்தது எனக்குத் தெரியாது. நடிப்புக்குத்தான் அத்தனை கைதட்டல் என்று எடுத்துக்கொண்டேன். ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா கிடைத்தது.

சாயங்காலம் அம்மா சித்தியைப் பிடித்துக்கொண்டாள்.

“இத்தன வருசங் கழிச்சு சாமி கண்ணத் தொறந்திருக்கு. விழுந்திருந்தா என்னட்டி ஆயிருக்கும்?”

சொல்லும்போதே அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. விழுந்திருந்தால் என் கால்சட்டை பாழாகியிருக்கும், அதற்கா இவ்வளவு என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த வைகாசியில் சித்திக்கு மகன் பிறந்தான். அப்போதும் எனக்கு எதுவும் விளங்கவில்லை. பல வருடம் கழித்து நான் பிள்ளையுண்டாகி ஊருக்கு வந்திருந்தபோது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போன என் கையைச் சித்தி தட்டிவிட்டாள். இந்த நேரத்தில் பாரம் தூக்கலாமா என்று கடிந்துகொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். குடத்தை விட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன்.

அந்தக் கரிசலில் சித்தி இரண்டு பேரைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறாள். தம்பி பேசாமல் வந்தான். வெரசா நட என்று அதட்டிக்கொண்டே வந்தது நான்தான்.