ஒளிப் பெருக்கமும் பதிவுப் பிரஜையும்

பேராசிரியர் அந்தக் கணக்கை எனக்குத் தந்ததற்குக் காரணம், வேறு யாரும் அதை எடுக்க முன்வரவில்லை என்பதுதான். அப்போது நான் பல்கலைக்கழகத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளர். இலங்கை மலைநாட்டில் கொட்டகலைப் பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து அவ்வளவு தூரம் வந்த பெண் என்று என்னைக் காட்டிச் சொல்வதில் எல்லோருக்கும் சந்தோஷம் இருந்தது. நிரந்தர வேலை தருவதில் யாருக்கும் இருக்கவில்லை.

கணக்கு இதுதான். குறைகடத்திகளை மிக மெல்லிய படலங்களாக அடுக்கினால், உள்ளே இலத்திரன்களுக்குச் சக்திப் படிகள் உண்டாகும். மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு விழும் இலத்திரன் ஒளியை விடும். கீழே நிற்பவற்றைவிட மேலே நிற்பவை அதிகமாக இருந்தால், உள்ளே போன ஒளி பெருகிக்கொண்டே வரும். ஆனால் படலங்களே கொஞ்சம் ஒளியை விழுங்கிவிடும். பெருக்கம் அந்த இழப்பை மிஞ்சினால்தான் அது லேசர். மிஞ்சுமா என்று காகிதத்தில் பார்க்க வேண்டும். அப்படியொரு லேசரை அதுவரை உலகத்தில் யாரும் செய்திருக்கவில்லை.

மாதக்கணக்கில் மிஞ்சவில்லை. இலத்திரன்கள் ஒளியை விடாமலே, படலங்களின் பளிங்குக் கட்டமைப்பின் அதிர்வில் சக்தியை இழந்து விழுந்து, கீழ்ப்படியை நிரப்பிவிட்டன.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது இந்தக் கணக்கைப் பற்றிச் சொன்னேன். தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கும் மெஷினில் நின்ற அப்பா கேட்டார்.

"அந்த வெளிச்சம் எங்கம்மா எரியுது?"

"எங்கயும் எரியலப்பா. கணக்குலதான்."

"அப்ப நம்ம லயத்துக் கரண்டு மாதிரிதான்."

மலையிலிருந்து இறங்கும் தண்ணீரில் பொல்பிட்டிய மின்நிலையத்தில் எடுத்த மின்சாரம் கொழும்புவரை போனது. எங்களுக்குக் குப்பி விளக்குதான்.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடி யோசித்தேன். கீழ்ப்படி நிரம்புவதுதானே தொல்லை? அதற்கும் கீழே, பளிங்கின் அதிர்வுக்குப் பொருந்தும் தூரத்தில் இன்னொரு படி இருந்தால், விழுந்த இலத்திரன் நிற்காமல் இறங்கிவிடும். கீழ்ப்படி காலியாகவே கிடக்கும். பொறியியல் பீடத்துக் கம்ப்யூட்டருக்குக் கணக்கை அட்டைகளில் துளைத்துக் கொடுத்தேன். வந்த தாளில் முதல்தடவையாகப் பெருக்கம் இழப்பை மிஞ்சியிருந்தது. கடுங்குளிரில் மட்டும், அதுவும் மயிரிழையில். பேராசிரியர் கையைப் பிடித்துக் குலுக்கி, வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கு என்னைச் சிபாரிசு செய்தார்.

கொழும்பில் நேர்முகப் பரீட்சை. நடுவில் இருந்தவர் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பரம்பரைப் பிரஜையா, பதிவுப் பிரஜையா?"

"பதிவு, சேர்." தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த குடும்பம்; இங்கேயே பிறந்தும் மனுப்போட்டுத்தான் நாங்கள் பிரஜையானோம்.

"இந்தியாவுக்குப் போகும் எண்ணம் இல்லையா?" என்று பக்கத்தில் இருந்தவர் சிரித்தார்.

"நான் இந்தியாவைப் பார்த்ததே இல்லை, சேர்."

பௌதிகத்தில் ஒரு கேள்விகூட வரவில்லை. புலமைப்பரிசில் வேறொருவருக்குப் போனது.

அடுத்த வருஷம் தமிழருக்கு எதிரான கலவரம். உடுத்த துணியோடு வீடு வந்து சேர்ந்தேன். தற்காலிக வேலையை அவர்கள் நீட்டவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலை ஒன்றில் ஆசிரியையானேன்.

சில வருஷங்கள் கழித்து, என்னோடு படித்த ஒருத்தி ஒரு சஞ்சிகைக் கட்டுரையைப் பிரதியெடுத்து வந்து தந்தாள். படிக்குக் கீழே படி. என்னுடைய வரைபு. பெயர் பேராசிரியருடையது மட்டும். கடைசியில், உதவிய முன்னாள் மாணவி ஒருவருக்கு நன்றி.

போய்ப் பார்த்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். கதிரையை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார்.

"என் பேரு அதுல இல்லையே, சேர்."

"நீங்கள் அப்போது இங்கே இல்லையே. பெயரோடு ஒரு நிறுவனத்தின் விலாசமும் போட வேண்டும். நான் எதைப் போடுவது? தோட்டத்தையா?"

"தோட்டத்துக்கும் தபால் வருது, சேர்."

நான் பகடி விடுவதாக நினைத்துச் சிரித்தார்.

கட்டுரை மேசையில் விரிந்து கிடந்தது. கடுங்குளிருக்கு நான் போட்ட கணக்கை அவர் சாதாரண அறை வெப்பநிலைக்கு நீட்டியிருந்தார். நீட்டும்போது, இலத்திரனின் இரண்டு சுழற்சி நிலைகளை ஒருதடவைக்குப் பதில் இருதடவை கணக்கில் எடுத்திருந்தார். அதனால் பெருக்கம் இருமடங்காக நின்றது. சரியாகப் போட்டால் இழப்புத்தான் மிஞ்சும். வீட்டில் வாசித்தபோதே அது என் கண்ணில் பட்டுவிட்டது.

"இதைப் பற்றி வெளிநாட்டு மாநாடு ஒன்றில் பேசப்போகிறேன். உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லை, சேர்."

அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் கண்ணாடியை வைத்து ஒளித்தெறிப்புப் பாடம் நடத்தினேன்.

பிறகு எங்கோ ஒரு நாட்டில் அந்த லேசரை உண்மையாகவே செய்துவிட்டார்கள். கீழ்ப்படியைக் காலி செய்ய அவர்கள் பிடித்த வழியும் அதுதான். தாங்களாகவே கண்டிருக்கிறார்கள். எங்கள் கட்டுரையை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. எங்கள் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.