நிற்காத மோட்டாரும் GTP-யும்

கருகிய மோட்டார் வைண்டிங்கின் வாசம் தனி. வார்னிஷும் ரப்பரும் சேர்ந்து எரிந்த மாதிரி தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும்... சட்டை முழுக்க அந்த வாசத்தோடுதான் அன்று காலை போத்தனூர் வீட்டுக்குள் நுழைந்தேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பம்புசெட் மெக்கானிக். பொள்ளாச்சியிலிருந்து கோபி வரைக்கும் என் கை படாத மோட்டார் கிடையாது. ரோட்டில் நின்று சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என் மனைவி சாந்தி சுவரோரமாகச் சுருண்டு கிடந்தாள். கல்யாணமாகி ஏழு மாதம். முந்தின நாள் ஒரு விசேஷத்தில் தொட்டித் தண்ணீர் குடித்திருக்கிறாள். விடிந்ததிலிருந்து வயிற்றுப்போக்கு. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி போய்க்கொண்டே இருந்தது.

என் மூளை மெக்கானிக் மூளை அல்லவா... உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று கணக்குப் போட்டேன். தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அவளுக்கு எட்டாத இடத்தில் வைத்தேன்.

"ஏனுங்க... ஒரு வாய் தண்ணி குடுங்க."

"பொறு அம்மணி. குடிச்சா இன்னும்தான் போகும். காயப்போட்டா தானா நின்னுபோகும்."

மத்தியானத்துக்குள் நாலு தடவை கேட்டாள். ஐந்தாவது தடவை உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா, ரயில்வேக்காரர் மனைவி, எட்டிப் பார்த்தார். சாந்தியின் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது.

"தம்பி, உங்க வைத்தியம் போதுங்க. புள்ளையத் தூக்குங்க."

என் டெம்போவில், ரிப்பேருக்கு ஏற்றிவந்த கருகிய மோட்டார் ஒரு பக்கம், அக்கா மடியில் சாந்தி ஒரு பக்கம். உக்கடத்தை எட்டு நிமிஷத்தில் தாண்டினேன். அந்த ரெக்கார்டை இன்னும் எவனும் உடைக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளவயது டாக்டரம்மா மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். அடுத்த கையையும் பிடித்தார். நாடி கிடைக்கவில்லை. இரண்டு கையிலும் டிரிப்ஸ் ஊசி ஏறியது. கடைசியாக எப்போது தண்ணீர் கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"காலைலருந்து ஒரு சொட்டு குடுக்கலீங்க" என்றேன், பெருமையாகவே.

அவர் நிமிர்ந்து என் சட்டையைப் பார்த்தார்.

"மோட்டார் வேலைங்களா?"

"ஆமாங்க. இந்த ஜில்லாவுலயே..."

"தண்ணி இல்லாத கெணத்துல மோட்டார ஓட உடுவீங்களா?"

அப்படி ஓடிக் கருகினதுதான் அப்போது என் டெம்போவில் கிடந்தது.

பாட்டில் மாற்றும் இடைவெளிகளில் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். குடல் செல்லில் சுவிட்சு மாதிரி ஒரு புரதம். GDP என்று ஒரு சின்ன மூலக்கூறு, குவானின் சரக்கு, அதில் உட்கார்ந்திருந்தால் ஆஃப். உத்தரவு வந்ததும் அது இறங்கி, ஒரு பாஸ்பேட் கூடுதலாக உள்ள GTP ஏறும், ஆன். வேலை முடிந்ததும் புரதமே GTP-யை வெட்டி GDP ஆக்கிக்கொண்டு ஆஃப் ஆகிவிடும். சாந்திக்கு வந்திருப்பது காலராவாம், அந்தக் கிருமியின் விஷம் இந்த வெட்டுகிற வேலையைத்தான் கெடுக்கிறது. மோட்டார் ஸ்டார்ட்டரில் கான்டாக்ட் ஒட்டிக்கொண்ட மாதிரி. நிறுத்துகிற சிவப்பு பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் நிற்காது... உடம்பில் உள்ள தண்ணீரையே இறைத்துக் கொட்டும். அந்தச் செல்கள் உதிர்ந்து புதுசு வரும்வரை உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது வேறு கதவு வழியாக உள்ளே போகுமாம்.

சிறுநீர் பிரிந்தால் உடனே சொல்லுங்கள், கிட்னி தப்பித்ததா என்று அதில்தான் தெரியும் என்றார்.

ஒரு மணி நேரம். இரண்டு. மூன்று... ஸ்டெல்லா அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். நான் பாட்டிலில் விழும் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினெட்டு பாட்டில் ஏறியது. ஆறுதான் என்பாள் சாந்தி. மயக்கத்தில் கிடந்தவளுக்கு என்ன தெரியும்?

வெயில் சாயும் நேரத்தில் என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, போயிட்டாடா என்றார். அதுவரை எண்ணின சொட்டுக் கணக்கெல்லாம் மறந்துபோனது.

"ஒண்ணுக்குப் போயிட்டாடா. டாக்டரம்மாட்டச் சொல்லு, ஓடு."

இப்போதெல்லாம் போன் போட்டால் ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது. உப்புச் சர்க்கரைப் பொட்டலம் பெட்டிக்கடையில்கூட இருக்கிறது. சில புற்றுநோய்களிலும் இதே கதைதானாம்... GTP-யை விடாமல் பிடித்துக்கொண்டு செல்லைப் பெருகச் சொல்கிற புரதம். அதில் ஒரு வகையை GDP-யோடு பூட்டி வைக்க மாத்திரையே வந்துவிட்டதாம். இந்த விவரத்தை எங்கள் தெருவில் நான்தான் எல்லோருக்கும் விளக்கிச் சொன்னேன்.

ஊர் பூராவும், நான் டெம்போவில் பறந்து பொண்டாட்டியைக் காப்பாற்றின கதை என்றுதான் இது தெரியும். குடத்தை எடுத்து வைத்தது யார் என்று சாந்தி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்கும் அவள் தண்ணீர் என்று வாயெடுத்தால் எந்த வேலையையும் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். அப்பாவுக்கு என்ன பாசம் பாரு என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள்...

நானும் கூடச் சிரித்துவைக்கிறேன்.