அக்கா விட்டுப்போன நாய்

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் இலங்கையில் எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒற்றை அறை வீடுகள் கொண்ட லயத்தில் இருந்தோம். அடுத்த காம்பராவில் இருந்த, நான் அக்கா என்று கூப்பிட்டவளுக்கும் அவள் புருஷனுக்கும் பிள்ளை இல்லை. ஒரு செவலை நாய்தான். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் சிரட்டையில் விளக்குக்கு ஊற்றும் லாம்பெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்காருவாள். நாய் தானாக வந்து மடியில் தலை வைக்கும். காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் தேடித்தேடி உண்ணி பிடுங்கி எண்ணெயில் போடுவாள்.

"கீழ விடக்கூடாது. ஒன் புள்ள தவழ்ற எடம்" என்பாள்.

இந்தியாவுக்கே போய்விட அவர்களுக்குப் பாஸ்போர்ட் வந்தது. உக்குவளை ஸ்டேஷனில் கோச்சி ஏறப் புறப்பட்ட காலையில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சோறு அது எங்கயாச்சும் தின்னுக்கும். உண்ணி மட்டும் எடுத்து விடு, தங்கச்சி."

சரி என்றேன். அவர்கள் ஏறிப்போன லொறிக்குப் பின்னால் ஓடிய நாய் மத்தியானம்தான் திரும்பி வந்தது. வந்து அக்காவின் பூட்டிய கதவடியில் படுத்துக்கொண்டது. மறுநாள் கிட்டப் போனேன். பல்லைக் காட்டி உறுமியது. இடுப்பில் பிள்ளையோடு எனக்குப் பயம். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று விட்டேன். அப்படியே ஒரு மாதம் போனது.

ஒரு காலை பிள்ளையின் காதுக்குப் பின்னால் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. துடைத்தேன், போகவில்லை. உண்ணி. தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்தேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் கம்பை எடுத்து நாயை ஆற்றுக்கு அந்தப்பக்கம் விரட்டிவிட்டார். பொழுது சாய்வதற்குள் அது அதே கதவடியில் கிடந்தது.

பிறகு அவரே கயிறு கொண்டுவந்தார். வாயைச் சீலைத் துணியால் கட்டி, தலையை அவர் பிடித்துக்கொள்ள, நான் எடுத்தேன். அவரைக்கொட்டை போல ஊதிய உண்ணிகள். ஒரு சிரட்டை போதவில்லை. நாயின் ஈறு வெளுத்திருந்தது. தினமும் எடுத்தோம். காம்பராவைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினேன், தரையில் விரித்திருந்த சாக்கையெல்லாம் எரித்தேன். நாலாம் நாள் கயிறு இல்லாமலே அது என் மடியில் தலை வைத்தது.

"பாத்தீங்களா, பழகிருச்சு" என்றேன் சந்தோஷமாக.

அவர் நாயின் உதட்டை விலக்கி வெளுத்த ஈறைக் காட்டினார். "பழகலம்மா. உறுமக்கூடத் தெம்பு இல்ல" என்றார்.

இரண்டு நாளில் அது செத்தது. சவுக்கு மரத்தடியில் புதைத்தோம்.

அக்காவின் கடிதம் பல மாதம் கழித்து வந்தது. முதலில் பிள்ளையை விசாரித்திருந்தாள், அடுத்து நாயை. நல்லா இருக்கென்று எழுதச் சொன்னார் வீட்டுக்காரர். எனக்குக் கை வரவில்லை. செத்ததை எழுதினேன். பயந்துகொண்டு ஒரு மாதம் தொடாமல் விட்டதையும் எழுதினேன்.

பதில் வரவில்லை. கோபமா, கடிதமே போய்ச் சேரவில்லையா, இன்றுவரை தெரியாது.