வெயிலில் வைத்த செல்

கே.ஜி.கண்டிகை மணியம்மைக்கு ஒரு பேட்டரி செல் விற்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். திருத்தணி பஜாரில் இருக்கும் என் டார்ச் கடைக்கு அவள் முதலில் வந்தது தொண்ணூற்றொன்றில், இடுப்பில் கைக்குழந்தையோடு. ஒவ்வொரு செல்லாக உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தாள். பிறகு டார்ச்சில் போட்டுத் தன் கையிலேயே அடித்துப் பார்த்தாள். ரேகை தெரிந்தால்தான் எடுப்பாளாம்.

"செல்லு பாக்கிறியா, மாப்பிள்ள பாக்கிறியா?" என்றேன்.

"மாப்பிள்ள சரியில்லன்னா வுட்டுட்டு வந்துடலாம்ண்ணா. செல்லு சரியில்லன்னா பாம்பு கடிச்சிடும்."

அவள் அப்படி விட்டுவிட்டு வந்தவள்தான் என்று பிறகு தெரிந்தது.

அவளுக்கு மல்லித் தோட்டத்தில் வேலை. மொக்கை விடியுமுன் பறித்தாக வேண்டும். டார்ச்சைத் துண்டால் காதோரம் கட்டிக்கொண்டு செடிக்குள் குனிவாள். கூடப் பறித்த ஒருத்தி, வெளிச்சம் மங்கிப்போன ஒரு நாளில் கட்டுவிரியன் மேல் கைவைத்துச் செத்துப்போனாள். அன்றிலிருந்து மணியம்மைக்கு ஒரே வைராக்கியம். "எம் பொண்ணு அனுசுயா இந்தச் செடிக்குள்ள கை வுடக் கூடாது. அது படிக்கட்டும். அதுக்கும் சேத்து நானே பறிக்கிறேன்," என்பாள். பறிக்கவும் செய்தாள். அவள் விரல் வேகம் அந்தத் தோட்டத்தில் யாருக்கும் வராது.

முதல் நாளே அவளுக்கு நான் ஒரு யோசனை சொல்லியிருந்தேன். "செல்லு ஓஞ்சா வீசிடாத மணியம்மா. உச்சி வெயில்ல வை. ரெண்டு நாள் கூட வரும்." ஊரில் எல்லோரும் செய்வதுதான். ரேடியோ இருந்த வீட்டுக் கூரையில் எல்லாம் செல் காய்ந்தது. கடைக்கு வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்வேன். செல் விற்கிறவனே செலவைக் குறைக்க வழி சொல்கிறானே என்று எனக்கு நல்ல பெயர். அதில் கொஞ்சம் திமிரும் இருந்தது.

இரண்டாயிரத்து எட்டில் நெற்றியில் மாட்டும் டார்ச் வந்தது. அதற்கு, சார்ஜ் போடுகிற லித்தியம் செல். மணியம்மை முன்னால் இரண்டு வகை எடுத்து வைத்தேன். ஒன்று பளபளவென்று சிவப்பு, பெரிய பெரிய எண் போட்டது. மற்றது வெறும் நீலம். சிவப்பைக் கையில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது, உள்ள காத்தா கீது?"

நீலத்தை எடுத்துக்கொண்டாள். கனமில்லாத செல் ஏமாற்று என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அவள் உள்ளங்கைக்கு ஒரு நிமிடம் போதும். சார்ஜர் எப்படிப் போடுவது, எப்போது எடுப்பது, தண்ணீர் படாமல் எப்படி வைப்பது என்று எல்லாம் சொன்னேன். வெயிலைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

சித்திரை முடிகிற சமயம் வந்தாள். வலது கை முழுக்கக் கட்டு. பின்னால் அனுசுயா நின்றாள்.

"ரெண்டு நாளா கரண்ட்டு இல்லண்ணா. நீ சொன்னா மாதிரி தகரத்து மேல வெயில்ல வெச்சேன். சாயங்காலம் கரண்ட்டு வந்துச்சு, எடுத்து சூட்டோட சார்ஜர்ல போட்டேன். பொக வந்துச்சு. புடுங்கறதுக்குள்ள கையிலயே வெடிச்சிடுச்சு." கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மொக்கைக் கிள்ளுகிற விரல்கள் அவைதான்.

"எங்க தப்பு பண்ணேன்னுதான் தெரியல. வெயிலு பத்தலியாண்ணா?"

மறைத்திருக்கலாம், அவளுக்குத் தெரிந்திருக்காது.

"தப்பு உன்னுதில்ல, மணியம்மா. இந்தச் செல்ல வெயில்லயே வெக்கக் கூடாது. அத நான் சொல்லாம வுட்டுட்டேன்."

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. தலையை அசைத்துப் பின்னால் நின்ற அனுசுயாவைக் காட்டினாள்.

"சரி. நாளையிலேருந்து அனுசுயா பறிக்கப் போவுது. அதுக்கு ஒண்ணு குடு."

நீலத்தில் இரண்டு எடுத்து வைத்தேன். இடது கையில் ஒன்றை வைத்துப் பார்த்தாள். மற்றதை வைத்தாள். திரும்பவும் முதல் செல்லை எடுத்தாள்.

"இந்தக் கைக்குக் கனம் தெரியலண்ணா. நீயே பாத்துக் குடு," என்று இரண்டையும் என்னிடமே நீட்டினாள்.

அனுசுயா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.